கொக்கிப் பல்லும் இரண்டு பெட்டி ஃபைலும்

கண்டிக்கு நான் இரண்டு பெட்டிகளையும் ஒரு கெட்ட பல்லையும் கொண்டு போனேன். பெட்டிகள் வேறொருவருக்கு. பல் என்னுடையது.

பெட்டிகளுக்குள் இருந்தவை ஃபைல்கள். பல்லின் வேருக்குள் நூல் நுழையும் அளவில் ஒரு குழாய் ஓடும். அது அழுகிவிட்டால் உள்ளே விட்டுச் சுரண்டி எடுக்கும் ஊசி போன்ற அரங்களைப் பல் டாக்டர்கள் அப்படிச் சொல்வார்கள். முன்பு விரலால் திருகினார்கள், இப்போது மோட்டாரில் மாட்டிச் சுழற்றுகிறார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும், ஏனென்றால் திருநெல்வேலியில் பல் வைத்தியச் சாமான்கள் விற்கும் கடையில் மூன்று வருடமாக இருக்கிறேன். அதற்கு முன்பு லாரியில் கிளீனர், உப்பளம், ஓட்டலில் சப்ளையர். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. ஊர் ஊராகச் சாமான் கொண்டு போய்க் கொடுக்கும் வேலை என்பதால்தான் இந்தக் கடையில் மூன்று வருடம் நின்றிருக்கிறேன்.

கண்டியில் ரிஸ்னா என்று ஒரு பல் டாக்டர். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, மாலையில் அம்பிட்டியவில் சொந்தக் கிளினிக். வளைந்த வேருக்கு எந்த வகை ஃபைல் நல்லது என்று இரண்டு வகைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார், அவருடைய மேல்படிப்புக்காக. ஒரு வகை எங்கள் கடை விற்பது, இன்னொன்று வேறு கம்பெனியுடையது. இரண்டையும் கையிலேயே கொண்டு வந்து தர ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். கடை முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "நம்ம பெட்டி ஜெயிச்சுதுன்னா அந்தூர்லயும் நாமதாம்ல. போயிட்டு வா" என்றார்.

எனக்கு 'வளைந்த வேர்' என்ற இரண்டு சொல்தான் காதில் விழுந்தது. இடப்பக்கக் கடைவாயில் இரண்டு பல் ஏற்கெனவே போய்விட்டன. சாப்பாடு மொத்தமும் வலப்பக்கம்தான் மெல்ல வேண்டும். அங்கே கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று ஆறு மாதமாகக் குடைகிறது. எங்கள் ஊரில் மூன்று டாக்டர்கள் எக்ஸ்ரே பார்த்து ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "வேர் தூண்டில் முள் மாதிரி கொக்கி போட்டிருக்கு. உள்ள விட்டா ஃபைல் ஒடிஞ்சிரும். புடுங்கிரலாம்." இதுவும் போனால் முப்பத்தெட்டு வயதில் கஞ்சிதான். கண்டிக்காரர் வேறு சொல்வார் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் கிளம்பினேன்.

விமானத்தில் கொழும்பு வந்து ஏறிய கண்டி பஸ்ஸில் கண்டக்டர் என் பையைப் பிடுங்கி டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் போட்டார். பஸ்ஸுக்குள் பெரிய சத்தத்தில் பாட்டு ஓடியது. கடுகண்ணாவை மலையில் டிரைவர் ஒவ்வொரு வளைவையும் பழைய பகையாளியைப் போல முறைத்துக்கொண்டு திருப்பினார். மூன்றாவது வளைவில் என் பை பறந்து போய்க் கதவோரம் விழுந்தது. முன்சீட்டில் இருந்த அம்மாள் சிங்களத்தில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: "பை இறங்கிட்டுது, ஆளும் இறங்கப் போறாரா எண்டு கேக்கிறா."

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்துப் பையைத் திறந்தேன். இரண்டு பெட்டியும் வாய் பிளந்து, ஃபைல்கள் துணிக்குள் கொட்டிக் கிடந்தன. எனக்குப் பதற்றமே வரவில்லை. கடையில் தினமும் செய்கிற வேலைதானே? ஃபைலின் பிடியில் ஒரு வளையம் இருக்கும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. நான் கட்டிலில் துண்டை விரித்து, மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு என்று பிரித்து அழகாக அடுக்கினேன். ஒரு பெட்டியில் மஞ்சளும் சிவப்பும், மற்றதில் நீலமும் கறுப்பும். பையின் அடியில் உறை பிரியாத பாக்கெட் ஒன்று மட்டும் இருந்தது. அதை அப்படியே விட்டேன். வேலையைப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும். இங்கே மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் குழம்பும், பக்கத்தில் நாக்கைச் சுடும் சம்பலும். பல்லே வேண்டாத சாப்பாடு. இந்த ஊர் எனக்காகவே கட்டியது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் ரவி என்ற ஆட்டோக்காரர் அம்பிட்டியவுக்கு ஏற்றிப் போனார். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது டவுனிலிருந்து அந்தக் கிளினிக்குக்குத் தினமும் ஆள் ஏற்றி வண்டி ஓட்டுகிறார். என் பேச்சைக் கேட்டதும் கண்ணாடியில் பார்த்து, "இந்தியாவாண்ணே? எங்க தாத்தா வந்ததும் அந்தப் பக்கந்தான். அவரு நடந்து வந்தாரு. நீங்க பறந்து வந்தீங்க. ரெண்டு பேரும் வேல செய்யத்தான் வந்தீங்க" என்றார்.

டாக்டர் ரிஸ்னாவுக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அலவத்துகொடவிலிருந்து தினமும் வந்து போகிறவர். அண்ணனுக்கு அவர் பேச்சில் நானா. நாற்காலியைக் காட்டி, "இரிங்கோ நானா, பயணம் சொகமா?" என்று கேட்டுக்கொண்டே முதல் பெட்டியைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டாவதையும் திறந்தார்.

"இத யார் அடுக்கின?"

"நான்தான் டாக்டர். பஸ்ல கொட்டிருச்சு. கலர் கலராப் பிரிச்சு…"

"யா அல்லாஹ்! கலர் சைஸ மட்டுந்தான் செல்லும் நானா. எந்தக் கம்பெனிட எண்டு செல்லாது."

அவர் பேச்சில் 'சொல்லும்' 'செல்லும்' ஆகும்; விஷயம் புரிந்தது. இரண்டு கம்பெனிக்கும் மஞ்சள் மஞ்சள்தான், சிவப்பு சிவப்புதான். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளி. எதை எதோடு ஒப்பிடுவது என்ற விஷயத்தையே நான் கலந்துவிட்டிருந்தேன். எங்கள் கடையில் ஒரு கம்பெனிச் சரக்குதான், அதனால் அங்கே இந்தப் பிழை வரவே வராது.

அவர் திட்டவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டு ஒன்றிரண்டைப் பார்த்தார், கழற்றினார். பிறகு ஒரு ஃபைலை எடுத்து நுனியை விரலால் மெல்ல வளைத்து விட்டார். அது டக்கென்று நிமிர்ந்தது. இன்னொன்றை எடுத்து அதே போல வளைத்தார். அது வளைந்தபடியே நின்றது.

"ஆ! ஒங்கட கடைட ஃபைல் ரோஷக்காரன். வளச்சா நிமிந்திரும். மத்தது பாவம், வளச்ச மாதிரியே கிடக்கும். சூடு பட்டாத்தான் நிமிரும்."

பிளேன்டீக்கு வைத்திருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினார். வளைந்து கிடந்த ஃபைலைப் போட்டார். அது தண்ணீருக்குள் சோம்பல் முறிப்பது போல மெதுவாக நிமிர்ந்தது. நான் வாயைத் திறந்தபடி பார்த்தேன். மூன்று வருடம் இதை விற்றிருக்கிறேன், ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றாக வளைத்து, நிமிர்ந்தது இடப்பக்கம், நிமிராதது வலப்பக்கம் என்று பிரித்தோம். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உறை பிரியாத பாக்கெட் மற்றக் கம்பெனியுடையது. அதை அவர் மேசை லாச்சியில், அதாவது இழுப்பறையில், வைத்து மூடினார். பிறகுதான் தேத்தண்ணி வந்தது. கித்துள் என்ற பனைச் சாதி மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கச் சொன்னார். நான் இடப்பக்க ஈறால் சப்பினேன். அவர் பார்த்துவிட்டார்.

"அந்தப் பக்கம் என்ன?"

கதையைச் சொன்னேன். வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியால் தட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தார். "கொக்கிதான்" என்றார். "இப்ப நான் ஒண்டும் செல்லேலா. மொதல்ல இந்த ஃபைலெல்லாம் என்ன செய்யுது எண்டு பாப்பம். நீங்க எத்தின நாளைக்கு ஈக்கிறீங்க?"

"வெள்ளிக்கிழமை போறேன்."

அன்று திங்கள்.

செவ்வாய் மாலை ஒப்பீடு தொடங்கியது. டாக்டரின் உதவிப் பெண் லீவில் இருந்ததால் என்னை உட்கார வைத்துவிட்டார். மனிதப் பல் இல்லை. விரல் அளவுக்குக் கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே வளைந்த ஒரு துளை, அதில் சிவப்பு மை. சிலவற்றில் லேசான வளைவு, சிலவற்றில் என் பல்லைப் போலக் கொக்கி. கட்டையின் நம்பர் டாக்டரிடம், ஃபைலின் நம்பர் என்னிடம். நான் கைபேசியில் நேரம் பார்த்து எழுத வேண்டும், வேலைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும்.

லேசான வளைவுகளில் எங்கள் ஃபைல் குதிரை போல ஓடியது. மற்றதைவிடச் சீக்கிரம் முடிந்தது. துளையும் ஒழுங்காக இருந்தது. அண்ணாச்சியிடம் சொல்ல நான் மனதுக்குள் வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தேன். அதன்பிறகு கொக்கிகள் வந்தன.

கொக்கியில் அந்த ரோஷம்தான் கெடுத்தது. உள்ளே போன ஃபைல் நிமிரப் பார்த்தது. நிமிரப் பார்த்ததால் வளைவின் வெளிப்பக்கத்தை நுனியில் தின்றது. முன் படத்தையும் பின் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், துளை வந்த வழியை விட்டுவிட்டுக் குறுக்கு வழி தேடியிருந்தது. ஒரு கட்டையில் 'டிக்' என்று சத்தம். டாக்டர் மோட்டாரை நிறுத்தினார். ஃபைலின் நுனி வளைவுக்குள் ஒடிந்து நின்றது, மீன் தொண்டையில் தூண்டில் முள் போல. என் நாக்கு தானாக வலப்பக்கப் பல்லைத் தொட்டது.

மற்ற ஃபைல் மெதுவாகத்தான் போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆனால் கொக்கியில் அது வழியோடு வழியாக வளைந்துகொடுத்தது. படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், பழைய கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகத் தடித்திருந்தது. அதிலும் குறை உண்டு. ஒன்றின் முறுக்கு பிரிந்து போய்விட்டது. டாக்டர் அதைத் தூக்கித் தூரப் போட்டார். "இது ஒடிய முந்தி சாடை காட்டும். நாம பாத்துக்கொண்டு ஈக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப எது நல்லது?"

"இன்னும் கட்டை ஈக்கி நானா. அவசரப்படாதீங்கோ. ஒங்கட பல்லு ஓடிப் போகாது."

புதன்கிழமை போயா. பௌர்ணமி விடுமுறை, கிளினிக் பூட்டு. ரவி தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். தெல்தோட்டைக்கு ஏறும் பாதை பஸ் பாதையைவிட மோசம். வளைவுக்கு வளைவு, ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஆகாயம். கலஹா தாண்டியதும் ஆட்டோ இருமி நின்றது. நாங்கள் தள்ளினோம். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஒருவர் தமிழிலேயே கத்தினார்: "ரவி, இந்தியாவுக்குத் தள்ளிக்கிட்டே போறியாடா?"

"ஆமாண்ணே, ஆள இறக்கி விட்டுட்டு வாறேன்!"

வண்டி மறுபடி கிளம்பியதும், இவ்வளவு வளைவில் எப்படிப் பயமில்லாமல் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். ரவி தோளைக் குலுக்கினார். "ஹேண்டில இறுக்கிப் புடிச்சாத்தான் விழுவோம். ரோடு எங்க போகுதோ அங்க போறோம், அவ்வளவுதான்." நேற்றைய கட்டைகள் கண்ணுக்குள் வந்தன. ரவிக்குச் சொன்னேன். "அப்ப நானும் டாக்டர்தான்" என்றார்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் ரவியின் மனைவி செல்வி ரொட்டி சுட்டு வைத்திருந்தார். தேங்காய்ப்பூப் போட்ட தடித்த ரொட்டி, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல், பருப்பு. மணத்திலேயே நான் பல்லை மறந்துவிட்டேன். சூட்டில் ஓரம் கருகி மொறுமொறுவென்று இருந்த துண்டை வலப்பக்கம் வைத்துக் கடித்தேன்.

கண்ணில் நீர் வந்தது. காதுக்குள் ஆணி அடித்தது போல இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

செல்வி ஒரு கராம்பைக் கொண்டு வந்து, "இதக் கடவாயில வச்சுக்கிட்டு இருங்கண்ணே" என்றார். கராம்பு என்றால் எங்கள் ஊர்க் கிராம்புதான். இங்கே அது மரத்தில் காய்க்கிறது, எங்கள் ஊரில் பொட்டலத்தில் காய்க்கிறது. வலி கொஞ்சம் மரத்தது.

"புடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருங்கண்ணே. நான் ரெண்டு புடுங்கிட்டேன்" என்று செல்வி வாயைத் திறந்து காட்டினார். இருபத்தாறு வயது. "இங்க பல்லு வலின்னு போனா ஒரே மருந்துதான். வேரு கோணலாம், அவங்களால முடியாதாம்."

அவர் விரல் இன்னொரு பல்லைத் தொட்டு நின்றது. "இப்பவும் ஒண்ணு ஆடுதா?" என்று கேட்டேன்.

"ஆடல. குடையுது."

ரவி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அந்த டாக்டரம்மா என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார். அதுவரை விளையாட்டாகப் பேசியவர் அப்படிச் சொன்னதும் எனக்கு என் பல்மேல் ஒரு பொறுப்பு வந்துவிட்டது போலத் தோன்றியது.

வியாழன் மாலை. டாக்டர் மீதிக் கட்டைகளை முடித்துவிட்டு என்னைச் சாய்வு நாற்காலியில் ஏற்றினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஒளிக்காமச் செல்றன். கட்டை வேற, பல்லு வேற. கட்டையில ஒடிஞ்சா தூக்கிப் போடலாம். இதுக்குள்ள ஒடிஞ்சா நீங்க என்னய ஊரெல்லாம் செல்லித் திரிவீங்க. செய்வமா?"

"எந்த ஃபைல் போடுவீங்க?"

அவர் கண்ணால் சிரித்தார். "நீங்களே செல்லுங்கோ. ரெண்டு நாளா நீங்கதானே எழுதின. ஒங்கட மொதலாளிட பெட்டியா, மத்ததா?"

என் மூன்று வருடச் சம்பளம் எங்கள் பெட்டியிலிருந்து வந்தது. எனக்கு ஒரு கணம்கூட யோசிக்க வரவில்லை. "லாச்சியில இருக்கிறது" என்றேன்.

உறை பிரியாத அந்தப் பாக்கெட்டைப் பிரித்தார். ஊசி போட்டு மரத்த பிறகு மோட்டார் பேசத் தொடங்கியது. நேர்ப்பாதையில் அதன் குரல் ஒரே சீராக இருந்தது. வளைவுக்கு வந்ததும் குரல் கனத்தது. டாக்டர் அழுத்தவில்லை. உடனே வெளியே எடுத்தார், துடைத்தார், கண்ணாடி போட்டு முறுக்கைப் பார்த்தார், கழுவினார், மறுபடி உள்ளே விட்டார். மூன்று முறை, நான்கு முறை. கூரையில் ஒரு பல்லி இருந்தது. நான் அதையே பார்த்தேன். 'டிக்' என்ற அந்தச் சத்தத்துக்காக என் உடம்பு முழுவதும் காதாகிக் கிடந்தது. ஒருமுறை மோட்டார் தானே நின்றது. நான் நாற்காலிக் கையைப் பிடித்தேன். "பயப்படாதீங்கோ, பாரம் கூடினா அது நிக்கும்" என்று அவர் சொன்னார். ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பைத் தட்டில் போட்டு, பாக்கெட்டிலிருந்து அடுத்ததை எடுத்தார். முறுக்கு பிரியத் தொடங்கியிருந்ததாம்.

நேரம் எவ்வளவு ஆயிற்று என்று தெரியவில்லை. நேரம் எழுத வேண்டிய ஆள் நாற்காலியில் படுத்திருந்தான். கடைசியில் எக்ஸ்ரே எடுத்து வந்தார். முன்பு இருட்டாக இருந்த வேருக்குள் அடைத்த மருந்து ஒரு வெள்ளைக் கோடாக மேலிருந்து நேராக இறங்கி, கொக்கியோடு கொக்கியாக வளைந்து, நுனிவரை போய் நின்றது.

"வந்திட்டு" என்றார். முகமூடியை இறக்கினார். நெற்றியில் வியர்வை. "அல்ஹம்துலில்லாஹ். இனி ஒங்கட ஊர்ல போய் பல்லுக்கு மேல கேப் போடுங்கோ. அது வரைக்கும் அந்தப் பக்கம் வெறைச்ச ஒண்டும் கடிக்கப்பொடாது. ரொட்டியும் பொடாது, செல்லிட்டேன்."

மரத்த வாயோடு நான் செல்வியைப் பற்றிச் சொன்னேன். பாதி எச்சில், பாதி பேச்சு. வாசலில் நின்ற ரவி வேறெங்கோ பார்ப்பது போல நின்றார். டாக்டர் அவரைக் கூப்பிட்டார். "ஏன் இவ்வளவு நாளும் செல்லல்ல? ஒவ்வொரு நாளும் இந்த வாசல்லதானே நிக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்கோ."

"அதுவும் கோண வேருன்னு சொன்னாங்க டாக்டர்."

"நேரான வேருக்கு நான் எதுக்கு?"

அன்று இரவு டாக்டர் வீட்டிலிருந்து முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது, ஒரு டப்பா நிறைய. டாக்டரின் உம்மா கொடுத்தனுப்பினாராம், பல்லுக்கு வேலை இல்லாத பண்டம் என்று. ரவியும் நானும் ஆட்டோவில் உட்கார்ந்து ஒரே கரண்டியால் தின்றோம்.

வெள்ளிக்கிழமை காலை மணிக்கூட்டுக் கோபுரத்தருகில் பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணாச்சியின் போன் வந்தது.

"எலேய், என்னாச்சு? நம்ம பெட்டி ஜெயிச்சுதா?"

"நேர் வேருக்கும் லேசா வளைஞ்சதுக்கும் நம்மதுதான் அண்ணாச்சி. வேகம். கொக்கிக்கு அது."

"கொக்கிக்கு அதுன்னா? யாரு சொன்னா?"

"கட்டையில பாத்தேன்."

"நீ என்னல டாக்டரா?"

"இல்ல அண்ணாச்சி. வாய் என்னோடது."

போனில் அவர் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "அப்ப அந்தக் கம்பெனிக்காரன் நம்பர வாங்கிட்டு வா. அதையும் வச்சு விப்போம்" என்று வைத்துவிட்டார்.

கண்டக்டர் என் பையைப் பிடுங்கினார். இந்த முறை நான் விடவில்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் ஒருவர் கச்சான் விற்றுக்கொண்டு ஏறினார். சூடாக வறுத்த நிலக்கடலை. ஒரு பொட்டலம் வாங்கினேன். பக்கத்தில் இருந்தவர், "ஆறிப்போகும், சாப்பிடுங்க" என்றார். நான் பொட்டலத்தின் வாயை மடித்துப் பைக்குள் வைத்தேன். அது ஆறட்டும். ஊருக்குப் போய்க் கேப் போட்ட பிறகு, வலப்பக்கம் வைத்துக் கடிப்பதற்கு.